ஓடைக்கு அப்பால் நான் போகவில்லை

1

ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். சென்ற மாதம் இந்த இதழில் வந்த பேட்டியில், பர்மாவின் வடகோடியில் ஒரு பள்ளத்தாக்கை ‘அங்குலம் அங்குலமாக நடந்து’ வரைபடமாக்கியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே ஒரு நாளும் வந்ததில்லை. நடந்தவன் நான். நானும் முழுக்க நடக்கவில்லை. ஒரு ஓடையோடு நின்றுவிட்டேன். அந்த ஓடைக்கு அப்பால் உங்கள் வரைபடத்தில் பழுப்பு நிறம் பூசியிருக்கிறது. அந்த நிறத்தை நம்பி முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் அங்கே குடியேறப் போகிறார்கள்.

உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. பேட்டியைப் படித்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மூன்று கடிதம் எழுதிவிட்டேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதிலைப் பின்னால் சொல்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. மண் அறிக்கை எழுதிப் பழகிய கை இது.

2

நான் ராமநாதபுரம் கடற்கரைக்காரன். யாங்கோனுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. மனைவி பரீதா இங்கேயே பிறந்தவள். அவள் தாத்தாவின் தாத்தா காலத்தில் வியாபாரத்துக்கு வந்த குடும்பம். நகரின் லத்தா பேட்டையில், மூலிகை மருந்து மொத்தக் கடை ஒன்றின் மாடியில் எனக்கு ஒரு அறை அலுவலகம். இப்போது செய்வது தன்லியின் என்ற புறநகர்ப் பக்கம் தொழிற்சாலை கட்டும் இடங்களில் துளை போட்டு மண் பார்க்கும் வேலை. ஆற்றுச் சேறு, அதற்குக் கீழே இன்னும் சேறு. காலையில் பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம் கால்சட்டையெல்லாம் சாம்பல் நிறத்தோடு திரும்புவேன்.

வெளிநாட்டவர் பதிவுச் சீட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ‘இவர் எங்கள் ஆலோசகர்’ என்று ஒரு நிறுவனம் கடிதம் கொடுத்தால்தான் அது நடக்கும். எனக்குக் கடிதம் கொடுப்பது உங்கள் நிறுவனம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் புதுப்பிக்கப் போன அன்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் படிவத்தை இரண்டு தடவை திருப்பித் தந்தார். தொழில் என்ற கட்டத்தில் ‘வரைபடம் தயாரிப்பவர்’ என்று எழுதியிருந்தேன். இந்த நாட்டில் அப்படி எழுதக் கூடாது என்று முப்பது வருடம் கழித்தும் எனக்குப் புத்தி வரவில்லை. யாருக்காக வரைபடம், எந்த இடத்துக்கு என்று கேள்வி கிளம்பிவிடும். ‘மண் பரிசோதகர்’ என்று மாற்றி எழுதினேன். பர்மிய எழுத்தில் ஒரு சுழி விட்டுப்போனது. அதற்கு மூன்றாவது படிவம். இத்தனை வருடத்தில் பேசக் கற்றேன். எழுத மட்டும் இன்னும் பிள்ளை போலத்தான் எழுதுகிறேன்.

அலுவலகத்துக்குத் திரும்பினால், மாடிப்படியில் ஊ சைமன் உட்கார்ந்திருந்தார்.

3

ஊ சைமன் அந்தப் பள்ளத்தாக்குக்காரர். ஊ என்பது இங்கே பெரியவர்களின் பெயருக்கு முன் போடும் மரியாதை. வரைபட வேலைக்கு ஏழு வருடம் முன்பு நான் வடக்கே போனபோது எனக்கு வழி காட்டியவர். இரண்டு பனிக்காலம் என்னோடு நடந்தார். யாங்கோனின் வடக்கே இன்சீனில் ஒரு சர்ச் கூட்டத்துக்கு ஊர் சார்பில் அவரை அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து சுற்று ரயிலைப் பிடித்து வந்து, லத்தாவில் ஏழெட்டுக் கடைகளில் விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். எப்படி விசாரித்தாராம்? ‘மண் தின்கிற காலாவை’ யாருக்காவது தெரியுமா என்று. காலா என்பது இங்கே இந்தியர்களுக்குச் சொல்லும் பெயர். மரியாதையான பெயர் இல்லை. வேறு யாராவது சொன்னால் கோபம் வரும். அவர் சொன்னபோது சிரித்துவிட்டேன்.

மண் தின்பது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம். தரையில் ஒரு பிடி எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்போம். வழவழவென்று ஒட்டினால் களிமண். நறநறத்தால் வண்டல். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் பல்லுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பெண்கள் முதலில் பயந்தார்கள். பிறகு நான் குனிந்தாலே ‘சயாவுக்குப் பசி, ஒரு தட்டு கொண்டு வா’ என்று கத்துவார்கள். சயா என்றால் வாத்தியார், ஐயா, எல்லாம்தான்.

தேநீர் வரவழைத்தேன். அவர் குடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு முழ நீளத்துக்கு மூங்கில் தூர். சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினேன். நார் வந்தது. மக்கவில்லை.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். போன மழையில் ஆறு திரும்பி அவர்கள் குடியிருந்த தாழ்வான கரையை அரித்துக்கொண்டு போய்விட்டது. ஆட்கள் தப்பினார்கள், வீடுகள் போய்விட்டன. ஒரு நிவாரணக் குழு வந்தது. பாதுகாப்பான இடம் எது என்று வரைபடத்தைப் பார்த்து, ஓடைக்கு அப்பால் உள்ள சரிவைக் காட்டியது. அந்த இடத்தில் கட்டினால்தான் கூரைத் தகடும் மரமும் கிடைக்கும். ஊர்க் கூட்டத்தில் பலரும் தயங்கியிருக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், சயா பின்னாலாவது வந்து தின்று பார்க்காமல் நிறம் போட்டிருக்க மாட்டார் என்ற நம்பிக்கை.

“வீட்டுக்குக் காலூன்ற குழி தோண்டுனோம். முழங்கால் ஆழத்துல இது வந்துச்சு. ஒரு குழியில இல்ல, நாலு குழியில.”

 அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“சயா, நீங்க ஓடைக்கு அந்தப் பக்கம் வரவே இல்லையே. நான்தானே கூட இருந்தேன். வராம எப்படிக் கலர் அடிச்சீங்க?”

4

கேள்வியின் கனம் புரிய, அந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மலை உச்சியில் இன்னும் பனி இருக்கிறது. ஒரு காலத்தில் பனிக்கட்டியே ஆறு போல நகர்ந்து கீழே வந்தது. அது உருகிப் பின்வாங்கியபோது, இழுத்து வந்ததையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போனது. வீடு அளவு பாறையும் மாவு போன்ற மண்ணும் கலந்து கிடக்கும். கற்களுக்கு முனை இருக்கும், சிலவற்றில் உரசிய கீறல் இருக்கும். அந்தக் கல்மேடு பல ஆயிரம் வருடமாக அசையாமல் இருப்பது. வீடு கட்டலாம். ஆறு கொண்டுவந்த கல் வேறு மாதிரி. உருண்டு உருண்டு முனை மழுங்கி, பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று பிரிந்து, நீரோட்டம் எந்தப் பக்கமோ அதற்கேற்பச் சாய்ந்து அடுக்கியிருக்கும். கல்மேட்டுக்குப் பழுப்பு, பழைய ஆற்று மேடைக்குப் பச்சை, இப்போதைய ஆற்று மணலுக்கு மஞ்சள். அந்த நிறங்கள் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று நடந்து பார்த்துக் கோடு போடுவதுதான் எங்கள் வேலை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஏமாற்றுவது அதுதான். மலையில் பெருமழை பெய்தால் ஓடை வழியாகச் சேறும் பாறையும் ஒன்றாகக் கூழ் போல இறங்கும். நின்ற பிறகு பார்த்தால் பனியாறு விட்ட கல்மேடு மாதிரியே இருக்கும். அதே முனையுள்ள பெரிய கல், அதே மண். தூரத்திலிருந்தும் புகைப்படத்திலும் பிரிக்கவே முடியாது. குழி தோண்டி, கையில் எடுத்து, பல்லில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று பல்லாயிரம் வருடத்துக்கு முந்தியது. இன்னொன்று போன தலைமுறையில் வந்தது. அடுத்த மழையிலும் வரும்.

கோடு போடுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. கண்ணால் பார்த்த எல்லைக்கு முழுக்கோடு. ஊகித்த எல்லைக்கு விட்டு விட்டு. போகாத இடத்துக்குக் கோடே கிடையாது, காகிதம் வெள்ளையாக இருக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் சொல்லித் தருவதுதான். உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள்.

கல்மேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நடந்து அந்த ஓடைக்கு வந்தோம். ஓடையில் சோதனைச் சாவடி. எங்கள் அனுமதித் தாளில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு ஊர்த் தொகுதி. அந்தப் பெயர் தாளில் இல்லை. சாவடிக்காரர் நல்ல மனிதர்தான். வெற்றிலை கொடுத்தார். ஆனால் தாளில் இல்லாத ஊருக்கு விட முடியாது என்றார். பெயர் சேர்க்க வேண்டுமானால் மாவட்டத் தலைநகருக்குத் திரும்பிப் போய், எழுதிக் கொடுத்து, காத்திருக்க வேண்டும். சென்னையில் உள்ள உங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். காத்திருக்க வேண்டாம், திரும்பிவிடுங்கள் என்று பதில் வந்தது. அட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் சயா திரும்பினார் என்று ஊ சைமன் ஊரில் கதை கட்டிவிட்டாராம்.

கோட்டை ஓடைக்கரையில் நிறுத்தினேன். குறிப்பேட்டில் ‘போகவில்லை’ என்று எழுதினேன்.

5

இதைப் படிக்கும் வாசகர்களுக்கு, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, இது எங்கோ நடக்கும் விஷயம் போலத் தோன்றலாம். என் காக்காவுக்கு அப்படித் தோன்றாது. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். அவர் சென்னைக்குத் தெற்கே ஒரு புது நகரில் மனை வாங்கினார். வீட்டு வேலை தொடங்கியபோது நான் விடுமுறையில் போயிருந்தேன். கிணற்றுக்குத் தோண்டிய மண்ணை என்னிடம் பெருமையாகக் காட்டினார். கறுப்புக் களி. உள்ளே நத்தை ஓடு, நிறைய. நன்னீர் நத்தை. அது ஏரிப் படுகை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பழைய வரைபடத்தில் நீலமாக இருந்ததை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்.

நான் சொல்லவில்லை. பிரியாணி ஆகிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நல்ல நாளில் எதற்கு என்று இருந்துவிட்டேன். நாலு வருடம் கழித்து ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. காக்காவும், நாங்கள் மச்சி என்று சொல்லும் அண்ணியும் மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்தார்கள். போனில் அவர் சொன்னது ஒன்றுதான். “அன்னைக்கு அந்த நத்தை ஓட்டை எடுத்துப் பாக்கெட்டுல போட்டியேடா. உனக்குத் தெரியும்ல?”

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அதனால்தான் இப்போது கோபம் எல்லோர் மேலும் வருகிறது, என் மேலும் சேர்த்து.

6

வரைபடத்தின் மூலையில் சிறிய எழுத்தில் ‘வரைந்தவர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. தீரி. அது என் மகள். வீட்டில் அவள் ஷமீமா. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பர்மியப் பெயர் மா தீரி. வெளியே எல்லோருக்கும் அதுதான். சொல்லப் போனால் வீட்டிலும் என் ஒருத்தனுக்குத்தான் அவள் ஷமீமா. உங்கள் நிறுவனத்துக்கு இங்கே வீட்டிலிருந்தே கணினியில் வரைபடம் வரைந்து தரும் வேலை அவளுக்கு முதல் வேலை. நான் கையால் போட்ட கோடுகளைக் கணினியில் ஏற்றியவள் அவள்.

ஊ சைமன் போன அன்று மாலை, மூங்கில் தூரை அவள் மேசையில் வைத்துக் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. குற்றவாளியை விசாரிப்பது மாதிரி கேட்டுவிட்டேன். அவள் பர்மிய மொழியில் படபடவென்று பதில் சொன்னாள். தமிழில் சொல் என்றேன். அது அவளுக்கு இன்னும் எரிச்சல். கோபத்தைத் தமிழில் சொல்ல அவளுக்கு நேரம் பிடிக்கும். நான் அதைத் தெரிந்தே செய்கிறேன் என்று நினைக்கிறாள்.

“கோடு ரெண்டு முனையும் சேரலன்னா கலர் நிக்காது வாப்பா. மொத்த இடமும் வெள்ளையாயிடும். ஆபீசுக்குக் கேட்டேன். மூடச் சொன்னாங்க, மூடினேன்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“நீங்க பக்கத்து ரூம்லதான் இருந்தீங்க. என்கிட்ட நீங்க பேசுறது தமிழைத் திருத்தத்தான். யாரு வந்து கேப்பா?”

ஓடைக்கரையில் நின்ற என் கோட்டின் முனையிலிருந்து, தொலைவில் இருந்த அடுத்த முனைக்கு அவள் ஒரு கோட்டை இழுத்திருக்கிறாள். விட்டு விட்டுக்கூட இல்லை. முழுக்கோடு. ஓடைக்கு அப்பால் இருந்த சரிவு முழுவதும் உள்ளே விழுந்துவிட்டது. பழுப்பு ஆகிவிட்டது. பழைய கல்மேடு, உறுதியான தரை.

இருபத்திரண்டு வயதில், மேலே உள்ளவர் சொன்னதைச் செய்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அச்சான வரைபடம் சுருளாக என் கைக்கு வந்தபோது பிரித்துப் பார்த்தேன். கோடு மூடியிருந்தது. முதலில் என் கண் போனதே அங்கேதான். அந்த மாதம்தான் எனக்குப் பதிவுச் சீட்டுக் கடிதம் உங்களிடமிருந்து வரவேண்டியிருந்தது. சுருளைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தேன். யார் அங்கே போய் வீடு கட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். காட்டில் ஒரு மூலைதானே என்று நினைத்தேன்.

எனவே ஐயா, நான் யோக்கியன் என்று சொல்லிக்கொண்டு உங்களைக் கேட்கவில்லை.

7

நிவாரணக் குழுவின் யாங்கோன் அலுவலகத்துக்குப் போனேன். மூங்கிலைக் காட்டினேன், குறிப்பேட்டைக் காட்டினேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் வெளியான வரைபடத்தில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது, தனி ஒரு ஆள் சொல்லி இடத்தை மாற்ற முடியாது, நிறுவனம் எழுதிக் கொடுத்தால் அன்றே நிறுத்துகிறோம் என்றார்கள். அவர்களுக்கும் தாளில் இருப்பதுதான் ஊர்.

அதனால் உங்களுக்கு எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து நாலு வரியில் பதில் வந்தது. புகைப்படத்தில் தெரியும் கற்கள் பனியாற்றுப் படிவமே, அது பல்லாயிரம் ஆண்டு பழமையான உறுதியான தரை, மாற்றங்கள் இருந்தால் அடுத்த பதிப்பில் கவனிக்கப்படும்.

பல்லாயிரம் வருடத்துத் தரைக்குள் முழங்கால் ஆழத்தில் நார் உரியும் மூங்கில் எப்படி வந்தது என்று அந்த நாலு வரியில் இல்லை. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியும். அந்த மூங்கில் முளைத்து நின்ற பிறகுதான் சேறும் பாறையும் வந்து அதை மூடியிருக்கிறது. அந்த ஊரில் நடுவயதுக்காரர் பிறந்த பிறகு நடந்திருக்கலாம். அடுத்த பதிப்பு எப்போது வரும்? வடக்கே மழை திஞ்ஜான் புத்தாண்டு முடிந்த கொஞ்ச நாளில் தொடங்கிவிடும். சாரம் கட்டியாகிவிட்டது. ஊ சைமன் கூட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். போகும்போது என்னிடம் அவர் எந்த உறுதியும் கேட்கவில்லை. அந்தச் சரிவு ஆகாதென்றால் பிள்ளைகளை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் கேட்டார். ஓடைக்கு இந்தப் பக்கம், நான் தின்று பார்த்த மண் எங்கெங்கே என்று தாளில் குறித்துக் கொடுத்தேன். இடம் சின்னது. அங்கே கட்டினால் தகடு கிடையாது.

8

இதை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பரீதா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். “முப்பது வருசமா தெறக்காத வாயி, சீட்டுப் புதுப்பிச்ச கையோட தெறக்குதாக்கும்” என்றாள். சீட்டுக் கடிதம் இனி வராது என்று அவளுக்கும் தெரியும். எங்கே போவோம் என்று கேட்கவில்லை. மீன் குழம்பை இரண்டாவது தடவை ஊற்றினாள்.

ஷமீமா எழுந்து உள்ளே போனாள். அவளுக்கு இது வேலை போகும் விஷயம். வரைந்தவர் என்று பெயர் உள்ளவள் அவள். முதலில் பிடிக்கப்படுவதும் அவளாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய பழைய கணினியிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு கோட்டையும் யார், எந்தத் தேதியில் போட்டார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு கோட்டுக்கு எதிரே அவள் பெயர். அதற்கு முந்திய நாள் உங்கள் எண்ணிலிருந்து அவளுக்கு வந்த குறுஞ்செய்தியும் அச்சில் இருந்தது. அலுவலகம் என்று அவள் சொன்னது உங்களைத்தான். ‘க்ளோஸ் பண்ணிடும்மா. வெள்ளையா விட்டா வேலை முடியலன்னு நினைப்பாங்க.’

“இதையும் போடுங்க. அவரும் நானும் ரெண்டு பேரும்தான் தப்பு. என் பேரை எடுத்துட்டுப் போடாதீங்க” என்றாள். இந்த வாக்கியத்தை அவள் தமிழில் சொன்னாள். நான் திருத்தவில்லை.

அந்தத் தாளின் நகலும், குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலும், மூங்கிலின் படமும் இந்த இதழின் ஆசிரியரிடம் இருக்கின்றன. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்போது நான் கேட்பது இது. தனிக் கடிதத்தில் வேண்டாம், உதவியாளர் கையெழுத்தில் வேண்டாம். பேட்டி கொடுத்த இதே பக்கங்களில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தச் சரிவில் எந்த நாளில், யார் நடந்து, எந்தக் குழியைத் தோண்டிப் பார்த்து அதற்குப் பழுப்பு நிறம் கொடுத்தீர்கள்? பதில் இருந்தால் நான் தவறு என்று இங்கேயே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன். பதில் இல்லையென்றால், அந்த இடத்தைப் பார்க்கவில்லை, வரைபடத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை எடுத்துக்கொண்டு நிவாரணக் குழுவின் வாசலுக்கு நானே போகிறேன். வடக்கே மழை இறங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள்.